சாம் பாண்டியின் அரக்கு நிறக் கூப்பே

கிரீஸ் கையோடே கும்பிடு போடும் அன்புச் சம்பந்தி வாரன் அவர்களுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. வண்டி ஓடிவிட்டது. உங்கள் கராஜிலிருந்து தானே உருண்டு வந்து, பேர்லேண்டில் நம் தெருவையே எழுப்பிவிட்டு, போன சனிக்கிழமை கார் ஷோவுக்குப் போய்ச் சேர்ந்தது. வலது பக்க ஸீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். காது இரண்டும் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தமிழில் எழுதினால் அவருக்கு எப்படிப் புரியும் என்று கவிதா கேட்டாள். நான் என்றைக்கு உங்களிடம் வேறு பாஷையில் பேசினேன்? நீங்கள் டெக்ஸாஸ் இங்கிலீஷில் பேசினீர்கள், நான் உடுமலைப்பேட்டைத் தமிழில் பேசினேன், நடுவில் ஒரு வண்டி நின்றது. எதைக் கழற்ற வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதில் நமக்குள் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பக்கத்தில் நின்று இதைக் கேட்கிறவர்களுக்கு நம்மைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டாமா? நான் ருக்மணி, உடுமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எண்ணெய் ஆலையில் குழாய் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் மகன் ஆடம் என் மகள் கவிதாவைக் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் மகளோடு வந்து தங்கினேன். கார் இல்லாமல் பால் கூட வாங்க முடியாத ஊர் இது. எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகிற தூரத்தில் இருந்தது பின் தெருவில் உங்கள் வீடும் அதன் கராஜும் மட்டும்தான். மனைவியை இழந்து தனியாக இருந்த உங்களுக்கும் பேச்சுக்கு ஆள் வேண்டியிருந்தது. வேறு எங்கே போவேன், சொல்லுங்கள்?

கல்யாணத்தன்று என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பேர் சொல்லக் கூடாது, உங்களுக்கு நான் சம்பந்தி, எனக்கும் நீங்கள் சம்பந்தி என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தையா என்று வியந்து போனீர்கள். உங்கள் பாஷையில் என்னைச் சொல்ல வேண்டுமென்றால் ‘என் மகனின் மனைவியின் அம்மா’ என்று மூன்று பேரைத் தாண்டி வரவேண்டுமாம். அதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

வார்த்தை பிடித்துப் போயிற்று, வாய்தான் வரவில்லை. ‘சாம் பாண்டி’ என்றீர்கள். சம்-பந்-தி என்று ஒவ்வொரு எழுத்தாக நானும் திருத்திப் பார்த்தேன். நீங்களும் கவனமாகத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் ‘சாம் பாண்டி’ என்றீர்கள். போதாக்குறைக்கு உங்கள் சிநேகிதர் ஜோ அதைக் கேட்டு, என் பெயரே அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். சாம் என் பெயர், பாண்டி என் குடும்பப் பெயர். இன்றைக்கும் அவருக்கு நான் சாம்தான். உங்கள் கராஜில் காபிக் கோப்பையில்கூட சாம் என்று எழுதி வைத்திருந்தார். முப்பது பெண்களை ஒரே பார்வையில் உட்கார வைத்த ருக்மணி டீச்சர், சாம் என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

முதலில் அந்த வண்டியைப் பார்த்தபோது ஏதோ விபத்தில் சிக்கியது என்றுதான் நினைத்தேன். முன்னால் மூடி இல்லை, சக்கரத்துக்கு மேல் மட்கார்டு இல்லை, எஞ்சின் வெட்கமில்லாமல் வெளியே நிற்கிறது, கூரை அமுங்கிக் கிடக்கிறது. பாவம், இன்ஷூரன்ஸ் கிடைக்கவில்லையா என்று கவிதாவிடம் கேட்டேன். அவள் அதை அப்படியே உங்களிடம் மொழிபெயர்த்துத் தொலைத்தாள். கோபித்துக்கொள்வீர்கள் என்று பார்த்தால், கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்ட ஆரம்பித்தீர்கள்.

அந்தச் சுவர்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கலிபோர்னியாவில் வறண்டு கிடந்த ஏரிகளில் பழைய கார்களை ஓட்டிப் பந்தயம் விட்ட பையன்கள், கனம் குறைய வேண்டும் என்று மட்கார்டையும் மூடியையும் கழற்றி எறிந்த படம் ஒன்று. போர் முடிந்து, விமானத்தின் வயிற்றில் மாட்டுகிற எண்ணெய்த் தொட்டி மலிவாகக் கிடைக்க, அதற்கே நாலு சக்கரம் வைத்து உள்ளே ஒரு ஆளைத் திணித்து ஓட்டிய படம் ஒன்று. கூரையை வெட்டித் தாழ்த்தி, ஒட்டுப் போட்ட இடங்களில் ஈயத்தை உருக்கி இழைத்து, ஒரே வார்ப்பு போல மின்னும் கஸ்டம் கார் ஒன்று. பிறகு, மேல் தகடே இல்லாமல் நீள எலும்புக்கூடு மாதிரி ஒரு பந்தயக் கார். ஓட்டுகிறவர் பின் சக்கரத்துக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால் எஞ்சினும் அவர் தைரியமும் தவிர ஒன்றும் இருக்காது.

பார்த்துக்கொண்டே வந்த எனக்குச் சட்டென்று புரிந்தது. இது ஆல்டரேஷன். அண்ணனுடைய பேன்ட்டைத் தம்பிக்கு இடுப்புப் பிடித்து, நீளம் குறைத்துப் போடுகிற வேலைதான். நான் சொன்னதும் துள்ளிக் குதித்தீர்கள். நேர்ரோட்டில் சீறிப் பாய்கிற டிராக் பந்தயத்தில் ‘ஆல்டர்டு’ என்று ஒரு வகுப்பே இருக்கிறதாம். அன்றிலிருந்துதான் நீங்கள் என்னை விருந்தாளியாக நடத்துவதை நிறுத்திவிட்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சொன்னீர்கள்.

உங்கள் வண்டி முப்பத்திரண்டாம் வருஷத்துக் கூப்பே, அதாவது இரண்டே கதவு வைத்த கார். கடைசி எண் இரண்டு என்பதால் ‘டியூஸ்’ என்று செல்லப் பெயர். வயதில் என்னைவிட மூத்தது, ஆனால் என்னைவிடக் கூடுதலாக வெட்டுப்பட்டது. கூரையை நீங்களே வெட்டித் தாழ்த்தினீர்கள். வெல்டு போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், ஒட்டுத் தெரியவில்லை. நல்ல தையல் என்று சொன்னேன். அதைவிடப் பெரிய பாராட்டு உங்களுக்கு யாராவது கொடுத்திருக்கிறார்களா?

ஸீட்டு வேலை என் தலையில் விழுந்தது அப்படித்தான். ‘டக் அண்ட் ரோல்’ என்று ஒரு தையல். ரெக்சினில் வரிவரியாக மடிப்பு எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சு அடைத்துத் தைப்பது. பார்த்தால் கொசுவம் வைத்து இஸ்திரி போட்டது போல இருக்கும். நான் ரவிக்கை தைக்கிறவள், கார் தைக்க மாட்டேன் என்றேன். மறுவாரமே தோல் தைக்கிற பெரிய மெஷின் ஒன்றை எங்கிருந்தோ இறக்கினீர்கள். முதல் வரியை நீங்கள் தைத்துக் காட்டினீர்கள். கோணல். என் வகுப்பில் கோணல் தையலுக்கு ஒரே வார்த்தைதான். “பிரி” என்றேன்.

நீங்கள் பிழையில்லாமல் உச்சரித்த ஒரே தமிழ் வார்த்தை அது. அப்புறம் கராஜில் எல்லாமே பிரிதான். வெல்டு சரியில்லையா, பிரி. குழாய் இடிக்கிறதா, பிரி. ஜோ கொண்டுவந்த பர்கரில் வெங்காயம் இருந்தால் அதுவும் பிரி. நல்லவேளை, மனுஷர் மனுஷரை விட்டுப் போவதற்கும் அதே வார்த்தைதான் என்று நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை.

பெயிண்ட் கதையை மறக்க முடியுமா? என்ன நிறம் அடிப்பது என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். ஒரு நாள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, நான் கட்டியிருந்த பட்டுப் புடவை மேல் விரலை வைத்தீர்கள். அரக்குச் சிவப்பு. அந்தக் காலத்துக் கஸ்டம் கார்களுக்கு ரொம்பப் பிடித்த நிறமாம் அது. பூசுகிற பெயிண்டின் பெயர் லாக்கர் என்றீர்கள், எங்கள் பாஷையில் அதுவும் அரக்குதானே என்றேன். ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பெயிண்ட் கடைக்குக் கொண்டு போனீர்கள். எங்கள் ஊரில் புடவையை எடுத்துக்கொண்டு மேட்சிங் ரவிக்கை தேடுவார்கள். ரவிக்கையை எடுத்துக்கொண்டு மேட்சிங் கார் தேடியவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

பெயிண்ட் அடித்து வந்தது. எஞ்சின் உட்கார்ந்தது. ஒரு ஸீட் தைத்து முடித்தேன். வயரிங்கும் இன்னொரு ஸீட்டும் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் உங்கள் ஊரில் கிடையாதா சம்பந்தி? நான் ரொம்ப அழுதேன். என் வீட்டுக்காரருக்குப் பிறகு நான் அப்படி அழுதது உங்களுக்குத்தான்.

ஆடம் கராஜ் கதவைத் திறக்கவே இல்லை. பிளசன்டனிலிருந்து ஒரு கார் சேகரிப்பாளர் போனில் வண்டியை விலைக்குக் கேட்டிருக்கிறார், நல்ல மனிதர்தான், பாக்கி வேலையை முடித்துத் தன் வண்டிகளோடு வைத்துக்கொள்கிறேன் என்றாராம். கவிதா வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “ம்மா, அவரால அந்தப் பக்கமே போக முடியல. குடுத்துரலாம்னு டிசைட் பண்ணிட்டாரு.”

உங்கள் சுவர்ப் பாடம் எனக்கு மறக்குமா? இப்படி வெட்டி ஒட்டி வேகமாக்கிய ஹாட் ராட் கார்களின் உலகத்தில் பெயர் வாங்கிய வண்டிகளெல்லாம் கட்டின ஆளின் பெயரால்தான் நிற்கின்றன. இன்னாருடைய ரோட்ஸ்டர், இன்னாருடைய கூப்பே. உங்கள் வண்டிக்கு என்ன பெயர் என்று ஒரு தடவை கேட்டேன். ரோட்டில் இறங்கி ஓடுகிற வரைக்கும் எந்த வண்டிக்கும் பெயர் கிடையாது என்றீர்கள். அப்படியானால் அதை ஓட வைக்கிறவர் பெயர்தானே நிற்கும்?

“குடுக்கறதப் பத்தி இல்ல கண்ணு,” என்றேன். “முடிக்கறவங்க பேருதான் அந்த வண்டிக்கு ஒட்டும். அப்பறம் உன்ற மாமனார் பேரு எங்க போகும்?”

ஆடமிடம் நானே பேசினேன். வசந்தத்தில் நடக்கும் ஷோ வரைக்கும் எனக்குத் தவணை கொடுங்கள் மாப்பிள்ளை, அதற்குள் ஓடவில்லை என்றால் நானே தேங்காய் உடைத்து லாரியில் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன். என்னோடு வாதாடிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். சரி அத்தை என்றார், ஆனால் தன்னால் உள்ளே வர முடியாது என்றும் சொன்னார்.

சாவியை வாங்கிக்கொண்டு நானும் ஜோவும் வேலையை ஆரம்பித்தோம். ஜோ கார்புரேட்டரோடு மல்லுக்கு நின்றார், நான் இரண்டாவது ஸீட்டைத் தைத்தேன். ஆனால் வயரிங்? டாஷ்போர்டுக்கு அடியில் இடியாப்பம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. ஜோவுக்குக் கண் சரியில்லை. எனக்கு மெஷின் மோட்டாருக்கு மேல் கரண்டு தெரியாது. ஆடமோ எலக்ட்ரிக்கல் எஞ்சினியர், அதுவும் வயரை அழகாகக் கட்டாத வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத ஆள்.

அதனால் ஒரு கள்ளத்தனம் செய்தேன். மதியம் டீ வேண்டும், கராஜ் வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும் என்று ஆடமுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வருகிற நேரம் பார்த்து, தொங்குகிற வயர்களை எல்லாம் அப்படியே உள்ளே அமுக்கி, அதன் மேல் புது ஸீட்டைப் போட்டு போல்ட்டை முறுக்க ஆரம்பித்தேன். வாசலில் நின்ற ஆடம் டீயைக் கீழே வைத்தார். போகவில்லை. இன்னொரு வயரை நான் முழங்காலால் தள்ளினேன்.

“நோ, நோ, அத்தை,” என்றார் ஆடம். “பிரி.”

உங்கள் குரல் மாதிரியே இருந்தது. சொல்லிவிட்டு அவரும் அதைக் கேட்டிருக்க வேண்டும். பிறகு உள்ளே வந்து, மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்குள் தலையை விட்டார். நான் டார்ச் பிடித்தேன். அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை, வெளிச்சத்தை வயர் மேலேயே வைத்திருந்தேன். அன்றிலிருந்து ஆபீஸ் முடிந்ததும் நேராக அங்கேதான் வந்தார்.

எஞ்சின் பிடித்த நாளில் பின் தெரு முழுக்க நாய் குரைத்தது. ஜோ தொப்பியைக் கழற்றிவிட்டார். கவிதா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் கேட்டிருப்பீர்கள், அந்தச் சத்தம் அங்கே வரைக்கும் வராமல் இருந்திருக்காது.

ஷோவுக்கு முன்னால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். பார்க்கிங்கில் புது எஸ்.யூ.வி.க்கள் வரிசையாக நின்றன. நடுவில் நம்முடையது. வந்த குருக்கள் சந்தனக் கிண்ணத்தோடு முன்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். “பானெட் எங்கம்மா?” என்றார். இல்லைங்க சாமி, வண்டியே இப்படித்தான் என்றேன். கடைசியில் ரேடியேட்டரின் நெற்றியில் பொட்டு வைத்தார். பெயிண்ட் மேல் குங்குமம் படுமோ என்று ஜோ தவித்த தவிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அர்ச்சனை யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். நான் அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போனவர் பேருக்கு அர்ச்சனை செய்ய முடியாது. ஆடமைப் பார்த்தேன், அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். வண்டி தன்னுடையது இல்லையாம். “சாமி பேருக்கே பண்ணீருங்க,” என்று சொல்லிவிட்டேன். நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. இத்தனை பாடுபட்டதே உங்கள் பேருக்காகத்தானே? முதல் தடவை கேட்டபோதே சொல்ல முடியாமல் போயிற்றே.

ஷோவில் நிச்சயம் கேட்பார்கள் என்று ஜோ சொன்னார். வழியெல்லாம் ஆடமுக்கு நான் பாடம் நடத்தினேன். மைக்கில் கேட்டால் அப்பா பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள் மாப்பிள்ளை, சத்தமாகச் சொல்லுங்கள் என்று. எஞ்சின் சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மைதானம் முழுக்க உங்கள் சுவர் இறங்கி வந்தது போல இருந்தது சம்பந்தி. படத்தில் பார்த்த ரகங்கள் எல்லாம் நிஜமாக நின்றன. ஈயம் இழைத்த கஸ்டம், விமானத் தொட்டியில் செய்த கார், அந்த எலும்புக்கூடு கூட. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். நம் ஸீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு யார் தைத்தது என்று ஒருவர் கேட்டார். அதுவும் தைத்த என்னிடமே கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மைக்கோடு ஒரு பெரியவர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நம் வண்டி முன்னால் நின்று, கூரை வெட்டைப் பார்த்து விசிலடித்தார். இது யாருடைய கூப்பே என்று ஆடமிடம் மைக்கை நீட்டினார். ஆடம் என்னைப் பார்த்தார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“இது சம்பந்தி கூப்பே.”

மைதானத்து ஸ்பீக்கர்களில் எல்லாம் அந்தப் பெரியவர் முழங்கினார், ‘தி சாம் பாண்டி கூப்பே’ என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும் உங்கள் பெயரை விட்டுவிட்டாரே என்று பல்லைக் கடித்தேன். அதற்குள் பெரியவர் கேட்டார், அந்த சாம் பாண்டி இங்கே வந்திருக்கிறாரா என்று. ஜோ உற்சாகமாக என்னைக் கை காட்டினார்.

ஆடம் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். “அது ஒரு ஆள் பெயர் இல்லை. அப்பா இவங்களை அப்படித்தான் கூப்பிடுவார், இவங்களும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒருத்தர் கூரையை வெட்டினார், ஒருத்தர் ஸீட்டைத் தைச்சாங்க. ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தருக்கு அந்தப் பேர் கிடையாது.”

என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்த வார்த்தை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அதன் அர்த்தத்தை உங்கள் பிள்ளை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பெரியவர் தொப்பியைத் தொட்டு என்னை வணங்கினார். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, அது வேறொரு மஞ்சள் ரோட்ஸ்டருக்குப் போயிற்று. அதன் தையலை நான் பார்த்தேன். வேண்டாம், உங்களிடம் மட்டும் பிறகு சொல்கிறேன்.

பிளசன்டன்காரருக்கு ஆடமே போன் செய்து, வண்டிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, இனி கொடுப்பதற்கில்லை என்று சொன்னார். அவரும் சந்தோஷமாக வாழ்த்தினாராம்.

நேற்று ஜோ மெல்லிய தூரிகையோடு வந்து, வலது கதவில் தங்க நிறத்தில் பெயர் எழுதினார். எழுதி முடித்துத் தள்ளி நின்றார். சாம் தனியாக, பாண்டி தனியாக, இரண்டு வார்த்தை, இங்கிலீஷ் எழுத்தில், எழுத்துக்கு எழுத்து தப்பாக. என் கை பரபரத்ததைப் பார்த்துவிட்டு ஜோ துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். “பிரி?”

ஈரம் காய்வதற்குள் ஒரு துடைப்பில் போய்விடும். வாழ்நாள் முழுக்க ஒரு கோணல் தையலைக்கூட அப்படியே விட்டவள் இல்லை நான். ஜோவின் கையிலிருந்து துணியை வாங்கி மடித்து வைத்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்கிறவர்களிடம் சரியாக உச்சரித்துக் காட்டுவேன், அர்த்தமும் சொல்வேன். ஆனால் அந்தக் கதவில் இருப்பதை மட்டும், நான் இருக்கிறவரைக்கும், பிரிக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகனுடைய மனைவியின் அம்மா,
சுருக்கமாக,
சாம் பாண்டி